ஆனந்த குமாரசுவாமி: காட்சிச்சாலையில் நின்று கூத்தப்பெருமானை விளக்கியவர்

சிவமயம்

சென்னைக்கும் புதுவைக்கும் இடையில், கழுவெளி நீர்ப்பரப்பு கடலோடு கலக்கும் கரையில், மரக்காணம் என்னும் ஊர் உளது. சிறுபாணாற்றுப்படை கூறும் எயிற்பட்டினம் இப்பகுதியதே எனக் கருதுவாரும் உளர். சோழர் காலத்துக் கல்வெட்டுக்களையுடைய பூமீசுவரர் திருக்கோயில் இவ்வூரின் நடுவே விளங்குகின்றது. ஊரைச் சூழ எம்மருங்கும் உப்பளங்கள். உவர்நீரைப் பாத்திகளிற் பாய்ச்சி, வெயிலிற் காயவிட்டு, பூத்த உப்பை வாரி வரப்பிற் குவிக்குந் தொழிலாளரைக் கண்டுகொண்டே யான் அறுபதாண்டுகளைக் கழித்தேன். இக்கரையில் இருந்துகொண்டு கடல்கடந்த போஸ்டன் மாநகரத்துக் கலைக்காட்சிச்சாலையில் முப்பதாண்டு பணிபுரிந்த ஒருவர் சரிதத்தை எழுதப் புகுதல் வியப்பாகத் தோன்றலாம். அதற்குக் காரணம் ஒன்று உண்டு.

சில ஆண்டுகளுக்கு முன்னர், எம்மிடத்துத் திருவருட்பயன் பாடங்கேட்கும் மாணாக்கர் சிலரை அழைத்துக்கொண்டு ஒரு காட்சிச்சாலைக்குச் சென்றேன். ஆங்குக் கண்ணாடிப் பெட்டகத்துள் கூத்தப்பெருமான் திருமேனி ஒன்று இருந்தது. அருகே உலோகம் இன்னது, உயரம் இத்துணை, நூற்றாண்டு இன்னது என்ற குறிப்பு மட்டும் காணப்பட்டது. பள்ளிச் சிறுவர் கூட்டம் ஒன்று வந்தது. ஒரு சிறுமி, இவர் ஏன் ஒரு காலைத் தூக்கிக்கொண்டிருக்கிறார் என்று கேட்டாள். உடன் வந்தோர் விடை கூறாது அடுத்த அறைக்கு அழைத்துச் சென்றனர். என் மாணாக்கருள் ஒருவன் வெளியே வந்தபின், "ஐயா, பூசையிழந்த திருமேனி மூர்த்தியா, பொம்மையா?" என்று வினவினான். அச்சிறுமியின் வினாவிற்கு விடை கூறுதல் எளிது. இவன் வினாவிற்கு உடனே விடை கூற இயலவில்லை. இவ்விரு வினாக்களையுந் தம் வாழ்நாள் முழுதும் ஆராய்ந்தவர் ஆனந்த குமாரசுவாமி என்பது நினைவிற்கு வரவே, அவர் சரிதத்தை ஈண்டுச் சுருங்க உரைக்கலானேன்.

ஆனந்த கெண்டிஷ் குமாரசுவாமி 1877-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 22-ஆம் நாள் கொழும்பு நகரிற் பிறந்தார். தந்தையார் சர் முத்துக்குமாரசுவாமி. யாழ்ப்பாணத்துச் சைவ வேளாண் மரபினர். 1863-இல் இங்கிலாந்தில் பாரிஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்து. அரிச்சந்திர நாடகத்தை ஆங்கிலத்தில் ஆக்கியவர். பாலி மொழிப் பௌத்த நூல்களையும் மொழிபெயர்த்தவர். தாயார் எலிசபெத் பீபி, இங்கிலாந்தின் கெண்ட் நாட்டவர். அந்நாட்டுப் பெயரே மகனார் பெயரின் நடுவில் நின்றது. கொழும்புக் கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் ஆலயத்தைக் கருங்கற்றிருப்பணியாகச் செய்வித்த சர் பொன்னம்பலம் இராமநாதனும், அவர் இளவல் சர் பொன்னம்பலம் அருணாசலமும் முத்துக்குமாரசுவாமியின் உடன்பிறந்தாள் மக்களாவர். ஆதலின் நம் சரித நாயகர்க்குச் சைவம் குடிவழியால் வந்த உரிமை.

ஆயினும் அவ்வுரிமையை உடனிருந்து ஊட்டுதற்குத் தந்தையார் இலராயினர். 1879-இல், மகனார்க்கு இரண்டாண்டு நிரம்புமுன்னரே, அவர் சிவபதம் அடைந்தனர். தாயார் குழவியை இங்கிலாந்தில் வளர்த்தனர். குழவியும் அந்நாட்டுச் சிறாருள் ஒருவராய் வளர்ந்து, வைக்ளிப் கல்லூரியிற் பயின்று, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் நிலநூலும் பயிர்நூலுங் கற்று, 1900-இற் பட்டம் பெற்றது. தமிழ் கேளாச் செவியோடும், திருநீறு காணா நெற்றியோடும் வளர்ந்த ஒருவர் பிற்காலத்துத் தில்லைக்கூத்தின் பொருளை உலகினர்க்கு எடுத்துரைக்கும் பேறு பெற்றமை திருவருட் செயலன்றி வேறென்னை?

கல்வி முடிந்தபின் இலங்கைக்கு மீண்டு, 1903 முதல் 1906 வரை அந்நாட்டுக் கனிப்பொருள் ஆய்வுத் துறைக்குத் தலைவராய் விளங்கினார். தோரியனைட் என்னும் கனிப்பொருளை முதற்கண் கண்டறிந்தவர் இவரே. இவ்வாராய்ச்சிகளுக்காக இலண்டன் பல்கலைக்கழகம் 1906-இல் அறிவியற் பேரறிஞர் பட்டம் வழங்கிற்று. கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர் கண்ணிற் பட்டவையோ வேறு. கொல்லரும், தச்சரும், நெய்வாரும், ஓவியருந் தத்தம் குலத்தொழிலைக் கைவிடுதலைக் கண்டார். மேனாட்டு ஆலைச் சரக்கு வந்து குவிதலும், ஊர்க்கோயிற் சுவர்களிற் பழைய ஓவியத்தின்மேற் புதுச்சாயம் பூசப்படுதலும், கற்றோர் தம் தாய்மொழியைப் பேச நாணுதலும் அவர் உள்ளத்தை வருத்தின. இலங்கைச் சமூகச் சீர்திருத்தச் சங்கம் என்ற கழகத்தைத் தோற்றுவித்து, தாய்மொழிக் கல்வியும், நாட்டு உடையும், கைத்தொழிலும் பேணப்படல் வேண்டுமென ஊரூராய்ச் சென்று சொற்பொழிவு நிகழ்த்தினார். பொதுமக்கள் முன் நின்று கலையின் பொருளைப் பேசும் அவர்தம் வாழ்நாட்பணி இவ்வாறு தொடங்கிற்று.

இங்கிலாந்து மீண்டு, பிராட் காம்டன் என்னுஞ் சிற்றூரில், வில்லியம் மாரிஸ் என்பார் பயன்படுத்திய அச்சுப்பொறியைக்கொண்டு, இடைக்காலச் சிங்களக் கலை என்ற தம் பெருநூலைத் தாமே மேற்பார்வையிட்டு அச்சிட்டு, 1908-இல் வெளிப்படுத்தினார். படிகள் 425. கம்மியரின் தொழின்முறை, கருவி, ஊதியம், நோன்பு ஆகிய யாவும் அந்நூலில் ஆராயப்பட்டன. கலை என்பது செல்வர் மாளிகையில் மாட்டிவைக்கும் அணிகலன் அன்று, ஒரு சமூகம் தன் கடவுளையும் தன் கடமையையும் அறிந்து வாழும் முறையின் வெளிப்பாடு என்னுங் கொள்கையை அவர் இந்நூலாற் பெற்றார். பிற்காலத்தும் அதனின் வழுவிற்றிலர்.

அக்காலத்தில் மேனாட்டு அறிஞர் பலர் இந்திய நாட்டிற் கைவினை உண்டே தவிர உயர்கலை இல்லை என்று கருதியிருந்தனர். பல கைகளையுடைய தெய்வத் திருவுருவங்கள் இயற்கைக்கு மாறான விகாரங்கள் என்பது அவர் கோள். 1910-ஆம் ஆண்டு தொடக்கத்தில் இலண்டன் கழகம் ஒன்றில், சென்னையிலுங் கல்கத்தாவிலுங் கலைப்பள்ளித் தலைமை தாங்கிய ஹாவெல் துரை சொற்பொழிவாற்றியபொழுது, தலைமை வகித்த பேர்டுவுட் துரை, தியானத்தமர்ந்த புத்தர் திருவுருவம் ஒன்றை அடுக்களைப் பண்டத்தோடு ஒப்பிட்டு இகழ்ந்தனர். இவ்விகழ்ச்சியைப் பொறாத அறிஞர் பலர் கூடி அவ்வாண்டே இந்தியக் கழகத்தை நிறுவினர். அவருள் முன்னின்றார் குமாரசுவாமி. உருவங்களின் அழகை மட்டும் புகழ்ந்து விடையிறுத்தல் போதாது, அவ்வுருவங்களை ஆக்கிய மக்கள் எப்பொருளை உட்கொண்டு ஆக்கினர் என்பதை அவர்தம் நூல்களைக்கொண்டே காட்டல் வேண்டும் என்று அவர் துணிந்தார்.

இத்துணிவின் பயனாகத் தோன்றியதே சிவபெருமான் திருக்கூத்தைப் பற்றிய அவர் கட்டுரை. இக்கட்டுரை முதற்கண் இலண்டனிலோ பாரிசிலோ வெளிவந்ததன்று. சித்தாந்த தீபிகையில், 1912-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் வெளிவந்தது. சித்தாந்த தீபிகையோ, சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் ஆக்கிய ஜே. எம். நல்லசுவாமிப் பிள்ளையவர்கள் 1897-இல் நிறுவிய சைவசித்தாந்த மாதப் பத்திரிகை. உலகெங்கும் கலைபயில்வோர் இன்றுங் கற்கும் ஒரு கட்டுரை, நம்மனோர் பத்திரிகை ஒன்றன் பக்கங்களிற் பிறந்ததென்பதை நம் மடாலயத்து அன்பர் பலர் அறியார்.

அக்கட்டுரைக்கு அவர் அடிப்படையாகக் கொண்டவை வடமொழிச் சிற்ப நூல்கள் மட்டும் அல்ல. திருமந்திரமும், உண்மை விளக்கமும், திருவருட்பயனும் ஆகிய தமிழ்ச் சைவ நூல்களையே பெரிதும் துணையாகக் கொண்டார். துடியேந்திய கரத்திற் படைப்பும், அமைந்த கரத்திற் காப்பும், அனலேந்திய கரத்தில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் என ஐந்தொழிலும் ஓருருவில் அமைந்தமையை மேனாட்டார் முதன்முறையாகத் தெளிவுறக் கேட்டனர். தில்லை என்பது புவியின்கண் ஓரிடம் மட்டுமன்று, அன்பர் நெஞ்சமும் ஆம் என்பதையும் அவர் எடுத்துக்காட்டினார். திருவதிகையைச் சார்ந்த மனவாசகங்கடந்தார் தம் ஆசிரியர் மெய்கண்டாரை வினவி எழுதிய சிறுநூல் ஒன்று, எழுநூறாண்டு கழித்து, நியூயார்க்கு நகரத்து வாசகர் கையிற் சென்று சேர்ந்தது. இக்கட்டுரையைத் தலைமையாகக் கொண்ட பதினான்கு கட்டுரைகளின் தொகுதி அந்நகரில் 1918-இல் நூலாயிற்று. பிரெஞ்சு நாட்டுச் சிற்பப் பேராசான் ரோதென், சென்னைக் காட்சிச்சாலையிலுள்ள திருவாலங்காட்டுக் கூத்தப்பெருமானின் நிழற்படங்களை நோக்கி 1913-இல் எழுதிய வியப்புரை, அவர் மறைந்தபின் 1921-இல், குமாரசுவாமியின் ஆராய்ச்சியோடு ஒரே தொகுதியில் வெளிவந்தது.

பொலன்னறுவையிற் சிவாலய இடிபாடுகளில் அகழ்ந்தெடுக்கப்பட்ட கூத்தப்பெருமான், நாயன்மார் முதலிய செப்புத் திருமேனிகளையும் அவர் ஆராய்ந்து, கொழும்புக் காட்சிச்சாலையின் வெளியீடாக 1914-இல் ஒரு நூல் எழுதினார். ஈழத்துச் சைவத்தின் தொன்மைக்குச் சான்றாகிய அத்திருமேனிகள் உலகறியப்பட்டமைக்கு அந்நூலும் ஒரு காரணம்.

இனி, அவர் நாடுவிட்டுச் சென்ற வரலாறு. 1910-இன் இறுதியிலும் 1911-இன் தொடக்கத்திலும் அலகாபாத்தில் நிகழ்ந்த பெரும் பொருட்காட்சியிற் கலைப்பகுதியை அமைக்கும் பொறுப்பை ஏற்று, வடநாடெங்குஞ் சுற்றி, இராசபுத்திர ஓவியங்களையும் பிற கலைப்பொருள்களையும் மிகுதியாகத் திரட்டினார். யாவரும் பொருட்படுத்தாது கிடந்த ஓவியங்கள் அவை. அவற்றையெல்லாம் காசியில் ஒரு தேசியக் காட்சிச்சாலை அமைக்கப்படுமாயின் அதற்கு அளிக்க முன்வந்தார். அதற்கு வேண்டிய பொருளை நல்குவார் இலராயினர். செல்வரும் அரசரும் நிறைந்த நாட்டில் ஒரு கட்டடம் எழுப்ப ஆளில்லாது போயிற்று. 1917-இல், டென்மன் ராஸ் என்னுஞ் செல்வர் துணையால் அத்தொகுதி அமெரிக்க நாட்டுப் போஸ்டன் கலைக்காட்சிச்சாலையைச் சேர்ந்தது. அவரும் அங்கே இந்தியக் கலைப்பகுதியின் காப்பாளராய் அமர்ந்து, 1947 வரை அந்நிலையத்தைவிட்டு அகன்றிலர்.

அக்காட்சிச்சாலை 1870-இல் நிறுவப்பெற்றது. வருவோரைப் பொருள்களின் முன் நிறுத்தி அவற்றை வாய்மொழியால் விளக்கும் போதகர் முறையை, அதன் செயலாளர் கில்மன் என்பார் 1907-இலேயே ஆங்குத் தொடங்கிவைத்தார். பொருளைக் காட்டினாற் போதாது, உணர்த்தவும் வேண்டும் என்னும் அவ்வுணர்ச்சியுள்ள இடத்தே குமாரசுவாமி சென்று சேர்ந்தது பொருத்தமே. திருமேனி ஒவ்வொன்றையும் ஆராய்ந்து பல பகுதிகளாகப் பட்டி வெளியிட்டார். காட்சிச்சாலையின் இதழில் இடையறாது எழுதினார். பல்கலைக்கழகங்களிலும் கழகங்களிலும் பொதுமக்கட்குச் சொற்பொழிவாற்றினார். இந்திய, இந்தோனேசியக் கலை வரலாற்றை 1927-இல் வெளியிட்டார். 1933 முதல் ஆராய்ச்சிப் பேரறிஞராக உயர்த்தப்பெற்றார்.

காட்சிச்சாலையிற் பேசுவோன் யாது பேசவேண்டும் என்பதைப் பற்றி அவர் கொண்ட கருத்து ஆழ்ந்து நோக்கற்பாலது. அமெரிக்கக் காட்சிச்சாலைகளின் கழகத்தார் முன் 1941-இல் அவர் ஆற்றிய உரை, பின்னர் 1943-இல் வெளிவந்த நூலொன்றற்குத் தலைப்பாயிற்று. கலைப்பொருள்களைக் காட்சிக்கு வைப்பது எதற்காக என்பதே அவ்வினா. அவர் விடையின் சாரம் இது: பழைய திருவுருவமோ, கலமோ, ஆடையோ எதுவும் காட்சிச்சாலைக்கென்று செய்யப்பட்டதன்று, வழிபாட்டிற்கும் வாழ்விற்கும் செய்யப்பட்டது. அதனைத் தன் இடத்தினின்றும் பெயர்த்து வைத்தபின், வெறுங் கண்ணின்பத்திற்குப் பொருளாக்குதல் அதனை இரண்டாம் முறை பெயர்ப்பதாகும். ஆதலின் காப்பாளன் கடமை வருவோரை மகிழ்வித்தல் அன்று, கற்பித்தல். இஃது எதற்காக ஆக்கப்பட்டது, ஆக்கியோன் எதனை உள்ளத்திற் கண்டான், வழிபட்டோர் எதனைப் பெற்றனர் என்பவற்றை உணர்த்துதல். அவ்வுணர்வு வந்தவன் அப்பொருளின் அழகையும் தானே காண்பான். அஃது இல்லாதவன் அழகென்று காண்பது தன் விருப்பத்தின் நிழலையே.

சென்னை மக்கள் பழம்பொருட்காட்சிச்சாலையைச் செத்த காலேஜ் என்றும், விலங்குக் காட்சிச்சாலையை உயிர்க் காலேஜ் என்றும் வழங்கிவந்தமை முதியோர் அறிவர். கல்லாதார் வழக்கென அதனைத் தள்ளற்க. பயன்பாட்டினின்றும் பிரிந்த பொருள் உயிர் பிரிந்த பொருள் என்னுங் கருத்து அதன்கண் அடங்கியுளது. குமாரசுவாமி பலவாண்டு ஆராய்ந்து சொன்னதும் அதுவே.

இனி, அவர்மேல் நிகழும் தடைகள் சிலவற்றையும் மறையாது கூறுதல் முறை.

முதலாவது, நம் நாட்டுச் செல்வத்தைப் பிறநாட்டிற் கொண்டுபோய்ச் சேர்த்தார் என்பது. இதனை முற்றும் மறுத்தல் இயலாது. ஆயினும், முதலிற் காசிக்கே கொடுக்க முன்வந்தவர் அவர், ஏற்பாரில்லாமையே குற்றம். அவர் திரட்டியவற்றுள் மிகப்பல ஓவியங்கள். இரவில் கோயிற்கதவை உடைத்துத் திருமேனியைக் கடத்தும் பிற்காலத்துக் கள்வரோடு அவரை ஒருங்கு வைத்தெண்ணுதல் நடுநிலைமை ஆகாது.

இரண்டாவது, அவர் கொள்கை முற்றுஞ் சித்தாந்தம் அன்று என்பது. இது மெய்யே. முதுமையில் அவர் உபநிடதங்களையும், பிளேட்டோவையும், எக்கார்ட் என்னுங் கிறித்தவ ஞானியையும் ஒருங்கு வைத்து, எல்லாச் சமயங்கட்கும் அடிப்படை ஒன்றே எனக் கொண்டு, கேவலாத்துவித நெறியையே மிகுதியுஞ் சார்ந்து எழுதினார். பதி பசு பாசம் மூன்றும் அனாதி என்னும் நம் கோட்பாட்டை அவர் நூல்களில் உறுதியாகக் காணல் அரிது. அங்ஙனமாயினும் கூத்தின் பொருளைக் கூறியவிடத்து நம் சாத்திரங்களைத் தம் கருத்திற்கு வளைக்காது, அவை கூறியபடியே கூறினார். மாற்றார் நூலையும் உள்ளவாறு உரைக்கும் நேர்மை புலவர்க்கு அணி.

மூன்றாவது, வரலாற்று ஆராய்ச்சியாளர் கூறுந் தடை. கூத்தப்பெருமான் செப்புத் திருமேனிகள் பத்தாம் நூற்றாண்டிலேயே சிறந்து விளங்கின. உண்மை விளக்கமோ பதின்மூன்றாம் நூற்றாண்டினது. ஆகவே பிந்திய நூலின் பொருளை முந்திய உருவிற்கு ஏற்றல் பொருந்துமா என்பர் இக்காலத்து அறிஞர் சிலர். இத்தடை எள்ளற்பாலதன்று. ஆயினும், ஒரு கருத்து நூலில் எழுதப்பட்ட நாளே அது பிறந்த நாள் என்பது துணியப்பட்டதன்று. திருமந்திரத்துத் திருக்கூத்துத் தரிசனத்தையும் உடன்வைத்து ஆராய்தல் வேண்டும். இதனை ஆராய்ந்து விடைகூறும் பொறுப்பு இன்று நம்முடையது.

மாணாக்கன் வினவிய வினாவிற்கு வருவாம். சிவஞானபோதத்து ஏழாஞ்சூத்திரப் பகுதியில், மலம் உயிரைப் பற்றுமன்றிச் சிவத்தைப் பற்றாமைக்குக் கடலும் நீரும் உப்பும் உவமையாகக் கூறப்பட்டமை யாவரும் அறிவர். உப்பு நீரைப் பற்றுமன்றி, நீர் நிற்கும் இடப்பரப்பைப் பற்றாது. எங்கள் அளத்தில் நாடோறுங் காணும் உண்மை அது. திருமேனி கண்ணாடிப் பெட்டகத்துட் புகுந்தால், அறியாமை என்னும் உவர் காண்போரைப் பற்றுமன்றி, அத்திருமேனி குறித்துநின்ற பொருளைப் பற்றாது. பூசையின்மையால் மூர்த்திக்கு ஒரு குறைவும் இல்லை. குறைவு நமக்கே. அவ்வுவரை நீக்குதற்கு, பூசை இயலாதவிடத்து எஞ்சிநிற்கும் ஒரே வழி, பொருளை எடுத்துரைத்தல். குமாரசுவாமி முப்பதாண்டு செய்தது அதுவே. கோயிற்குள் நின்று சொல்ல வேண்டியதைக் கோயிலில்லா ஊரிற் சொன்னார்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இந்தியா விடுதலை பெற்றது. அதற்கு ஒருவாரம் கழித்து, அவர்க்கு எழுபதாண்டு நிறைந்தது. நண்பர்கள் போஸ்டன் நகரில் விருந்து நிகழ்த்தினர். பணியினின்று நீங்கி, மனைவியாருடன் தாய்நாடு மீண்டு, இமயச் சாரலில் அமைதியாக வாழ்தல் வேண்டுமென்ற தம் விருப்பத்தை அவர் வெளியிட்டிருந்தார். அவ்விருப்பம் நிறைவேறவில்லை. செப்டம்பர் 9-ஆம் நாள், நீடம் என்னும் ஊரிலிருந்த தம் இல்லத்தில் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

அவர்க்குப்பின் நிகழ்ந்தவற்றை நோக்குங்கால், அவர் பணியின் அருமை இன்னும் விளங்கும். தஞ்சைப் பகுதிப் பத்தூர்க் கூத்தப்பெருமான் திருமேனி இலண்டன் சென்று, கோயிலே வழக்காளியாக நின்று உரிமை கோரலாம் என அந்நாட்டு மேன்முறையீட்டு மன்றம் ஏற்றபின், 1991-இல் மீண்டது. ஸ்ரீபுரந்தான் கூத்தப்பெருமான் ஆஸ்திரேலிய நாட்டுக் காட்சிச்சாலையினின்றும் 2014-இல் மீட்கப்பட்டது. மீண்டது கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் கள்வர்க்கு அஞ்சி இன்றும் பல ஊர்த் திருமேனிகள் பாதுகாப்பு மையங்களிற் பூட்டிவைக்கப்பட்டுள. அவ்வூர்ச் சிறுவர், தம் ஊர்ப் பெருமான் திருமுகத்தையே கண்டிலர். தன் ஊர் மூர்த்தியின் பெயரும் பொருளும் அறியாத மக்கள் அதனைக் காப்பது எங்ஙனம்? பூட்டும் காவலும் வேண்டுவனவே. அவற்றினும் வலிய காவல், ஊரார் உள்ளத்தில் அம்மூர்த்தியின் பொருள் பதிந்திருத்தல்.

ஆதலின் ஆதீனத்து அருளாளர்கட்கும், சைவ சபையார்கட்கும் அடியேன் விண்ணப்பம் ஒன்று. கல்வெட்டும் திருமேனியும் உள்ள கோயில்தோறும், பிரதோட நாளிலேனும், மூர்த்தி ஒன்றன் முன் நின்று அரைநாழிகை அதன் பொருளைச் சிறுவர்க்கும் பெண்டிர்க்கும் உழைப்பாளர்க்கும் எளிய தமிழில் எடுத்துரைக்க ஒருவரை அமைத்தல் வேண்டும். காட்சிச்சாலைகளிலும் அவ்வாறே சைவநூல் வல்லார் சென்று உரைத்தல் வேண்டும், அஃது இழுக்கன்று. எம்மூர்ப் பூமீசுவரர் சந்நிதியில் இதனைத் தொடங்கினோம். முதல்நாள் வந்தோர் ஒன்பதின்மர். அவருள் நால்வர் உப்பளத் தொழிலாளர். வெயிலில் வாரியபின் கால் கழுவிக்கொண்டு வந்திருந்தனர். கூத்தப்பெருமான் ஏன் ஒரு காலைத் தூக்கினார் என்பதை உரைத்தேன். அவருள் மூத்த அம்மையார் ஒருவர், தூக்கிய காலை எப்போது இறக்குவார் என்று கேட்டார். நம்மைத் தூக்கிக்கொண்டபின் என்றேன். அம்மையார் கைகுவித்து நின்றார்.

அன்று பெயரறியா அச்சிறுமிக்கு ஒரு காட்சிச்சாலையிற் கிடையாத விடை, இன்று எங்கள் ஊரிற் கிடைக்கின்றது. அவ்விடையை எமக்குக் காத்து வைத்தோர் மனவாசகங்கடந்தார் முதலிய நம் ஆசிரியர். அதனை உலகின் மறுகரையில் நின்று உரத்துக் கூறியவர் ஆனந்த குமாரசுவாமி. அவர் நினைவு வாழ்க.

திருச்சிற்றம்பலம்